ஒரு சுளகுத் தவிடு

சன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடட்டா? கோவிச்சுக்கிடாதிய. மூஞ்சில காத்து அடிக்கலைன்னா எனக்கு நெஞ்சு அடைக்குது. திருநெல்வேலிக்கா போறிய? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். எனக்கு ரயில் நாளைக்குத்தான். பின்ன இன்னைக்கே எதுக்குப் போறான்னு பாக்கியளா? அந்த வீட்டுல இனி நான் இருக்கக்கூடாதுன்னு ஆயிட்டு. சொல்லுதேன், சொல்லுதேன். யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்குத் தலை வெடிச்சிரும். நீங்க யாரோ, நான் யாரோ. அதுதான் வசதி.

என் பேரு முப்பிடாதி. கலியாணம் ஆனதுல இருந்து பம்பாய்தான், தாராவியில. சொந்த ஊரு உடைகுளம், இப்ப நான் பஸ் ஏறினேம்லா, அந்த ஊருதான். எங்கப்பா கருப்பட்டி யாவாரம். அவரு பேரைச் சொன்னா அந்தப் பக்கத்துல தெரியாத ஆளு கிடையாது. நான் மூத்தவ. எனக்குக் கீழ ஒரே ஒரு தம்பி, பலவேசம். ஆனா பலவேசம் வீடு எதுன்னு கேட்டா ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. தவுடன் வீடுன்னு கேக்கணும்.

உங்களையும் சின்னப்பிள்ளையில சொல்லியிருப்பாவள்லா, தவிட்டுக்கு வாங்கின பிள்ளைன்னு? யாரைத்தான் சொல்லல! பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழுவும், பெரிய ஆளுவ விழுந்து விழுந்து சிரிப்பாவ. எங்க பக்கம் அது வெறும் கேலி மட்டும் இல்ல, ஒரு சாங்கியம். ஒருத்திக்குப் பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமப் போகுதுன்னு வைங்க. அடுத்த பிள்ளை பிறந்ததும் அதை இன்னொருத்தி கையில குடுத்துட்டு ஒரு சுளகுத் தவிடு, அதான் ஒரு முறம் தவிடு, வாங்கிக்கிடுவா. வித்தாச்சு. பெறகு அடுத்தவ பிள்ளையை வளக்கக் கொண்டு போற மாதிரி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துருவா. இது இந்த வீட்டுப் பிள்ளை இல்ல போலன்னு எமன் ஏமாந்து போயிருவானாம். எனக்குப் பெறகு பிறந்தது ஒண்ணு ரெண்டு தங்கலன்னும், தம்பியை அப்படி வித்து வாங்கினோம்னும் எங்கம்மை சொல்லுவா. தவுடன்ங்கிற பேரு அதுல வந்ததுதான்.

நான் அவனைச் சும்மா விடுவனா? "ஏல, தவிட்டுக்கு வந்தவனே, தள்ளி உக்காரு, இது எங்கம்மை மடி"ன்னு விரட்டுவேன். எந்திரிச்சுப் போயிருவான். ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல. அவன் குணம் அப்படி, மண்ணாந்தை, சுத்த மக்கு. என்னைய ஒருத்தரும் அப்படிச் சொன்னது கிடையாது. விளையாட்டுக்குக் கூடக் கிடையாது. எங்க அத்தை ஒருத்தி ஒரு தடவ வாயெடுத்தா, "இவளை எந்தச் சுளகுல"ன்னு. சொல்லி முடிக்கல, எங்கம்மை அவளை எச்சிக்கையோட எழுப்பி வெளிய விட்டுட்டா. பெறகு அந்த அத்தை எங்க வாசப்படியே மிதிக்கல. அந்த வீட்டுல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு பாத்துக்கிடுங்க.

கொஞ்சம் காலை நீட்டிக்கிடுதேன், மரத்துப் போகுது.

எங்கப்பா செத்தப்ப நான் ஊருக்கு வந்ததுதான். பெறகு வரல. போன்ல பேசுறதோட சரி. போன மாசம் தவுடன் போன் பண்ணினான். "யக்கா, அம்மைக்கு நினைவு ஒரு சீரா இல்ல. எந்நேரமும் ஒம் பேரைத்தான் சொல்லிட்டுக் கிடக்கா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு"ன்னான். எனக்குத் தலைகால் புரியல. என் பேரையாம்! அவன் பேரை இல்ல பாருங்க, என் பேரை. விழுந்தடிச்சு வந்தேன். அவ போய்ச் சேருறதுக்குள்ள அந்த வாயால என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவ முப்பிடாதின்னு கூப்பிட்டுட்டாப் போதும், வேற எதுவும் வேண்டாம்னு ரயில் பூரா இதே நினைப்புத்தான்.

காலம்பற போய் இறங்குதேன். எங்கம்மை முன்னறையில கட்டில்ல உக்காந்திருந்தா. சுருங்கி இம்புட்டுக்காணு ஆயிட்டா. "எம்மா"ன்னு கைய நீட்டிட்டுப் போறேன். நிமிந்து பாத்தா. மூஞ்சில இருந்த ரத்தமெல்லாம் எங்க போச்சோ!

"வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா."

"தரமாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. நடக்க மாட்டாத பொம்பளை, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதா, ஓடுதா, உள்ளறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக் கொண்டியப் போட்டுட்டா. நான் நீட்டின கையோட நிக்கேன்.

"வயசாயிட்டுல்லா மைனி, மனசுல வச்சுக்கிடாதிய"ன்னா தம்பி பொண்டாட்டி ராசகனி. என் கண்ணைப் பாத்துச் சொல்லல, தரையைப் பாத்துச் சொன்னா. நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. இது அவ வேலைதான்னு முடிவு பண்ணிட்டேன். ஒத்தப் பொம்பளைப்பிள்ளை வந்து வீட்டுல உரிமை கொண்டாடிருவாளோன்னு அம்மைக்கு என்னத்தையோ ஓதி வச்சிருக்கா. மாத்திரை டப்பாவைத் திறந்து ஒண்ணொண்ணா வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். எங்கம்மைக்குன்னு எடுத்து வச்ச கஞ்சியை மோந்து பாத்தேன். ஒரு வாய் குடிச்சும் பாத்தேன். உப்புதான் குறைச்சல். இன்னமும் சொல்லுதேன், அவ கைக்கு உப்பு போட வராது.

நான் வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் எங்கம்மை பச்சைத் தண்ணி குடிக்கல. ராசகனி மட்டும் போனாக் கொண்டியை எடுப்பா, என் நிழல் தெரிஞ்சாச் சாத்திருவா. மறுநாள் மத்தியானம் பின்பக்கச் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். தலையணையை ஒரு பழஞ்சேலையில சுத்தி, மடியில போட்டுத் தட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கா. பக்கத்துல பன்னருவா. என்னையப் பாத்ததும் அருவாளை எடுத்து அந்தத் தலையணைக்கு அடியில சொருகினா. மகளை வெட்டவா அருவா? பச்சைப்பிள்ளை பக்கத்துல காத்துக்கருப்பு அண்டாம இரும்பு வைப்பாவள்லா, அது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

"அன்னபாக்கியம், போயிரு"ன்னா. "தவிட்டை வாங்கிட்டேல்லா, போயிரு. இங்கன வந்து நிக்காத."

யாரு இந்த அன்னபாக்கியம்? ராசகனிகிட்ட கேட்டேன். கையில இருந்த அகப்பை கீழ விழுந்துட்டு. "எனக்கென்ன தெரியும் மைனி, நான் வாக்கப்பட்டு வந்தவ"ன்னா. முக்குக்கடைக்குப் போனேன். சீனி கேக்குற மாதிரி மெதுவா, "அண்ணாச்சி, அன்னபாக்கியம்னு யாரும் உண்டா?"ன்னேன். அவரு என் மூஞ்சியை அப்படிப் பாத்தாரு. "நீயாம்மா கேக்குத?"ன்னாரு. பாதி கட்டின பொட்டலத்தை அப்படியே போட்டுட்டு உள்ள போயிட்டாரு. குழாயடியில நின்ன பொம்பளையெல்லாம் பேச்சை நிறுத்திட்டு என் தலையைப் பாக்காளுவ. போன வருசத்துல இருந்து நான் டை அடிக்கிறதில்ல, அரிப்பெடுக்குன்னு நிறுத்திட்டேன். பம்பாய்க்காரி வெள்ளை முடியோட அலையுதாளேன்னு பட்டிக்காட்டுச் சனத்துக்கு வேடிக்கை போலன்னு நினைச்சேன்.

எனக்கு உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடையா நடந்தேன். நடக்கையில புத்தி வேலை செஞ்சுது. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல பாத்துக்கிடுங்க. அன்னபாக்கியம்ங்கிறவ எங்கப்பாவுக்குப் பழக்கமானவ. அவளுக்குப் பிறந்தவன்தான் தவுடன். எங்கம்மை ஊர் வாயை அடைக்கச் சாங்கியம் அது இதுன்னு கதை கட்டி, அவனை வாங்கி வளத்திருக்கா. அவ வந்து பிள்ளையைக் கேட்டிருக்கா. அந்தப் பயம்தான் இப்ப எங்கம்மையைப் பிடிச்சு ஆட்டுது. எல்லாம் பொருந்துதா இல்லையா? பொய் சொல்லுவானேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் கூட வந்துட்டு. அப்ப இந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான் பிள்ளை.

நேரா மாட்டுத் தொழுவுக்குப் போனேன். தவுடன் வாளியில தவிடு கலக்கிக்கிட்டு நின்னான்.

"ஏல, ஒன்னையப் பெத்தவ யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். அன்னபாக்கியம். சரிதானா?"

கைய வாளிக்குள்ள வச்சபடியே நின்னான். "இல்லக்கா"ன்னான்.

"பின்ன?"

"என்னையப் பெத்தவ உள்ள கிடக்கா."

"அப்ப அன்னபாக்கியம் யாரு?"

என்னையவே பாத்தான். கடைக்காரரு பாத்தாருல்லா, அதே மாதிரி. பெறகு, "எனக்குச் சாங்கியமெல்லாம் ஒண்ணும் பண்ணலக்கா. நான் சும்மா பிறந்தவன்"னான்.

"வெளங்கச் சொல்லித் தொலைல"ன்னு கத்தினேன். சொன்னான். மாட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

பக்கத்து ஊரு பனைவிளை. அங்க இருந்தவதான் அன்னபாக்கியம். எங்கம்மைக்குச் சின்னதுல இருந்தே கூட்டாளி. அவளுக்குப் பிள்ளை பிறந்து பிறந்து போயிட்டே இருந்துச்சு, எங்கம்மைக்குப் பிறக்கவே இல்ல. அன்னபாக்கியத்துக்கு அடுத்ததா ஒரு பொம்பளைப்பிள்ளை பிறந்ததும், தவிட்டுக்கு வித்து எடுக்கணும்னு ஆயிருக்கு. விக்கிறதுன்னாப் பிள்ளைகுட்டியோட நிறைஞ்சு இருக்கிறவ கையில விக்கணும். பிள்ளையில்லாதவ கையில குடுக்காதேன்னு எல்லாரும் சொல்லியிருக்காவ. அவ கேக்கல. "ஆவுடை கை ராசியான கை, ஆசையா வாங்குவா"ன்னு கொண்டு வந்துட்டா. எங்கம்மை பேரு ஆவுடை. எங்கம்மை சுளகுத் தவிட்டை அவ மடியில தட்டினா. பிள்ளையை வாங்கினா. திரும்பி வீட்டுக்குள்ள போனா. கதவைச் சாத்திட்டா.

திறக்கல. அன்னபாக்கியம் முதல்ல சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கா, கூட்டாளி விளையாடுதான்னு. பெறகு கதவைத் தட்டியிருக்கா. பால் கட்டிச் சேலையெல்லாம் நனைஞ்சு போச்சாம். எங்கம்மை உள்ள இருந்தே சொன்னாளாம், "வித்ததைத் திருப்பிக் கொண்டு போனா எமனுக்குத் தெரிஞ்சு போகும். தூக்கிட்டுப் போ, இது விடியுமுன்ன செத்துப் போகும். ஒன் இஷ்டம்." அந்த ஒரு சொல்லு. அதைக் கேட்டதும் அவ அப்படியே இறங்கிப் போயிட்டாளாம். அவ புருசன் ஊர்க்கூட்டம் வைக்கக் கிளம்பினதைக் கூட அவளே தடுத்துட்டாளாம். பெறகும் அப்பப்ப வருவாளாம், வாசல்ல நிப்பாளாம், கேப்பாளாம். எங்கம்மை மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்லுவா. அவ போயிருவா. முடி நரைக்கிற வரைக்கும் வந்திருக்கா. இப்ப அவ இல்ல, செத்துட்டா.

"ஒன்னைய எவனும் தவிட்டுப் பிள்ளைன்னு சொல்லிறக்கூடாதுன்னுதான் எனக்கு அந்தப் பேரை வச்சாவ"ன்னான் தவுடன். "'எல்லாரும் ஒன்னையச் சொல்லட்டும்ல, நீ தாங்கிக்கிடுவ, அவ தாங்கமாட்டா'ன்னு அம்மை எங்கிட்ட சொல்லித்தான் வளத்தா."

நான் என்ன பண்ணினேன்னு நினைக்கிய? அவன் கன்னத்துல ஒண்ணு விட்டேன். தவிட்டு வாளியைக் காலால எத்தினேன், மாடு மிரண்டு கயித்தை இழுக்கு. அடிச்சாலும் நிப்பான், சொன்னேம்லா, மண்ணாந்தை.

உங்க மூஞ்சி போற போக்கைப் பாத்தா அந்த அன்னபாக்கியத்துக்காகப் பரிதாபப்படுதிய. படுங்க. எனக்கு வரல. வரணும்னுதான் பாக்கேன், வரமாட்டேங்கு. அவளை எனக்குத் தெரியாது. எங்கம்மையைத்தான் தெரியும். எனக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையோட கண்ணு மூடாமக் கிடந்தவ அவதான். திருடினாளா? திருடட்டுமே! பொம்பளைப்பிள்ளைன்னாக் கள்ளிப்பாலை ஊத்தின சனம் இருக்கிற உலகத்துல, என்னைய வேணும் வேணும்னு ஒருத்தி திருடியிருக்கா. அது எனக்குப் போதும்.

ஆனா பாருங்க, வேணும்னு திருடினவளுக்கு இப்ப என் மூஞ்சியைக் கண்டா ஆகல. அவ கண்ணுக்கு நான் அன்னபாக்கியம். அதே நரைச்ச முடி, அதே தாடையாம். தவுடன் கெஞ்சினான், "யக்கா, ரெண்டு நாளா ஒரு சொட்டு உள்ள இறங்கல. இப்படியே கிடந்தாத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பம்பாய்க்குப் போயிரு." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டை விட்டு என்னையப் போகச் சொல்ல இவன் யாரு?

இன்னைக்குக் காலையில ராசகனி கஞ்சியோட போகையில அவ முதுகுக்குப் பின்னாலயே நானும் உள்ள நுழைஞ்சிட்டேன். எங்கம்மை தலையணையை வாரி மார்ல அணைச்சுக்கிட்டா.

"எம்மா, நல்லாப் பாரு. நான்தாம்மா, முப்பிடாதி."

"சத்தம் போடாத"ன்னா. "முப்பிடாதி இந்தா உறங்குதா."

அந்தத் தலையணையைக் காட்டுதா. எம் பேரைத்தான் சொல்லிட்டுக் கிடக்கான்னு தவுடன் சொன்னான்லா, பொய் சொல்லல. எனக்கு அந்தச் சின்ன அறையில மூச்சு முட்டுச்சு. வெளிய ஓடிரலாம்னு பாத்தேன். அப்ப என் வாயில என்ன வந்துச்சு, எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல.

"நான் பிள்ளையைக் கேக்க வரல ஆவுடை"ன்னேன்.

வளத்த தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுதேன். ராசகனி சுவரோட ஒட்டிக்கிட்டா.

"பின்ன எதுக்கு வந்த?"

"தவிட்டை வாங்கிட்டுப் போக."

"அன்னைக்கே வாங்கினியே."

"அது மனசில்லாம வாங்கினது. இன்னைக்கு மனசோட குடுக்க வந்தேன். பிள்ளை ஒனக்குத்தான். இனி வரமாட்டேன்."

எங்கம்மை தலையணையை இறுக்கிக்கிட்டா. "சத்தியமா?"ன்னா. "சத்தியமா"ன்னேன். உடனே, "ஏட்டி, தவிடு கொண்டா"ன்னு ராசகனிகிட்ட அதட்டுதா, அந்தக் காலத்துக் குரல்! ராசகனி ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் மக்குல கொண்டு வாரா. கூறு கெட்டவ. "சுளகுல கொண்டாட்டி"ன்னு எங்கம்மை திட்டினா. நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன். பெறகு சுளகு வந்துச்சு. நான் முந்தானையை ஏந்தினேன். எங்கம்மை தட்டினா, பாதி தரையில, பாதி என் மடியில. இங்கன பாருங்க, இன்னும் ஒட்டியிருக்கு.

"மார்ல பால் கட்டியிருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டா.

"இல்ல"ன்னேன்.

"பொய் சொல்லுத. எனக்குத் தெரியும்"னா. அழுதா. எங்கம்மை அழுது நான் பாத்ததே கிடையாது. எங்கப்பா சாவுல கூட அவ அழல. என் முந்தானையை இழுத்து அவளே கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "பிள்ளை செத்துரும்னு பயந்துக்கிட்டுத்தான் நீ போன. நான் சும்மாதான் சொன்னேன் அன்னம், அது சாகாதுன்னு எனக்குத் தெரியும். வேற எப்படிச் சொன்னாலும் நீ போயிருக்கமாட்ட." அப்புறம் அருவாளைத் தலையணைக்கு அடியில இருந்து எடுத்துக் கீழ போட்டா. "போ. திரும்பிப் பாக்காமப் போ. நீ பாத்தாப் பிள்ளை ஏங்கிரும்."

நான் வந்துட்டேன். தவுடன் பின்னாலயே பையைத் தூக்கிட்டு வாரான், "இருக்கா, சாப்பிட்டுட்டுப் போக்கா"ங்கிறான். எப்படி இருக்க? சத்தியம் பண்ணிட்டேம்லா. வாசல்ல நின்னு செருப்பைத் தேடுதேன், கண்ணு தெரியல. உள்ள டம்ளர் சத்தம் கேக்கு. ராசகனி ஊட்டுதா, எங்கம்மை குடிக்கா. மடக் மடக்குன்னு குடிக்கா. நடுநடுவுல, "முப்பிடாதி, ஏ முப்பிடாதி, அவ போயிட்டாட்டி. அம்மை இருக்கேம்லா, நீ உறங்கு"ன்னு கொஞ்சுதா. இத்தனை வருசம் கழிச்சு அந்த வாயி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. இங்கன நிக்கேம்மான்னு ஒரு சத்தம் குடுக்கலாம்னு தொண்டை வரைக்கும் வந்துட்டு. குடுத்தா அந்தக் கஞ்சி உள்ள இறங்காது. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காம ரோட்டுக்கு நடந்தேன்.